புது இன்ஸ்பெக்டர்

"அரே, என்னண்ணே இது! விடிஞ்சா கப்பல் வருது. நீங்க சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த காண்டிராக்டர் சிவஞானத்துக்கு மூச்சு வாங்கியது. அவர் அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மதராஸிலிருந்து வரும் மனைவியையும் மாமியாரையும் கப்பல் ஜெட்டியிலிருந்து சௌல்தாரி கிராமம் வரை காரில் அழைத்துப் போவதாக எழுதித் தொலைத்திருந்தார். மாமியார் நடந்துபோகிற ரகமில்லை.

டாக்ஸிக்காரர் குருநாதன் நிமிரவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிய லேண்ட்மாஸ்டர் காருக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். கவலைப்பட வேண்டிய மனிதர் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

"வண்டி டெஸ்டுல பெயிலாமே? பஜார்ல எல்லாரும் இந்தியில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது."

"பெயில்தான் சாப். முந்தாநாள்."

"இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே! இத்தனை வருஷமா இந்தத் தீவுல வண்டி ஓட்டுறீங்க. உங்களை அத்தனை டிரைவருங்க முன்னாடி நிக்க வெச்சு, 'இந்த வண்டி ரோட்டுல ஓடக் கூடாது'ன்னு சொன்னானாமே அந்தப் புது இன்ஸ்பெக்டர்?"

"சும்மா சொல்லலை சாப். இறக்கத்துல தானே ஓட்டிப் பார்த்தான். பிரேக்கை மிதிச்சான். வண்டி நிக்க மனசில்லாம உருண்டு போய் நின்னுது. எறங்கினான். என்னை மெதுவா உருட்டச் சொல்லிட்டுச் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு காதைக் குடுத்தான். இரும்போட இரும்பு உரசுற சத்தம். 'பிரேக் ஷூ தேஞ்சுபோச்சு, லைனிங்கே இல்லை'ன்னுட்டான். கழட்டிக்கூடப் பார்க்கலை!"

வேறு யாருடைய வண்டியோ மாட்டிக்கொண்டதுபோல அத்தனை ரசித்துச் சொன்னார். சிவஞானத்துக்கு எரிச்சலாக வந்தது.

"முன்னாடியே ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லாக் கேளுங்க!" வாசலிலிருந்து குருநாதனின் மனைவி சுப்பம்மாள் சீறினாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல வாங்கினாத்தானே? ரெண்டு வாரமா சவாரியும் எடுக்காம வண்டியை வாசல்லயே போட்டு வெச்சிருக்காரு. அந்த இன்ஸ்பெக்டர் என் வாசப்படியை மிதிக்கட்டும், பேசிக்கறேன்!"

குருநாதன் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த புது பிரேக் ஷூக்களை எடுத்தார். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் மாற்றியாகிவிட்டது. இதுதான் கடைசி.

"இது ஏது? இங்கே எந்தக் கடையிலயும் கிடையாதே?" என்றார் சிவஞானம்.

"மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சேன். போன கப்பல்ல வந்துது."

"போன கப்பலா? அது வந்து ரெண்டு வாரமாச்சே! அப்போ டெஸ்டுக்கு முன்னாடியே மாட்டியிருக்கலாமே?"

அந்தக் கேள்வி மட்டும் குருநாதனின் காதில் விழவில்லை. ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி, டிரம்மை மூடி, சக்கரத்தை முடுக்கினார்.

"சுப்பம்மா, ஏறி உக்காந்து பிரேக்கை மிதி."

அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"நல்லா மிதிங்கக்கா! அந்த இன்ஸ்பெக்டர் கழுத்துன்னு நெனைச்சு மிதிங்க!" என்றார் சிவஞானம்.

"ஐயையோ! வாயைக் கழுவுங்க!" பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டாள் சுப்பம்மாள்.

இவ்வளவு நேரம் திட்டியவள் இப்போது எதற்குப் பதறுகிறாள் என்று சிவஞானத்துக்கு விளங்கவில்லை. குருநாதன் சிரித்துக்கொண்டே சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றினார். அவள் மறுபடி மிதித்தாள். சக்கரம் அதே இடத்தில் நின்றது.

"தீக் ஹை! சரியாயிடுச்சு!"

அப்போது வேலியோரம் சைக்கிள் மணி கேட்டது. காக்கிச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் இறங்கினான். சட்டைத் தோளிலிருந்த இன்ஸ்பெக்டர் பட்டையைப் பார்த்ததும் சிவஞானத்தின் வீரமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"நமஸ்தே இன்ஸ்பெக்டர் சாப்! நல்ல நேரத்துல வந்தீங்க. பிரேக் மாத்தியாச்சு. இங்கேயே ஒரு தடவை பார்த்துப் பாஸ் போட்டுட்டீங்கன்னா..."

"இங்கே பார்க்க முடியாதுங்க. காலையில வண்டி டெஸ்ட் கிரவுண்டுக்கு வரணும். வரிசையிலதான் வரணும்."

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி வாசலில் போட்டான்.

"அம்மா, பசிக்குது" என்றபடி உள்ளே போனான்.

சிவஞானம் குருநாதன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே... இவரு உங்க பையனா? பெத்த அப்பனையா பெயிலாக்கினாரு?"

"இதைத்தான் ஊரே கேட்குது!" சுப்பம்மாளுக்கு அழுகை முட்டியது. "மெயின்லேண்டுல டிரெய்னிங் முடிச்சு வந்து, வேலையில சேர்ந்து ஒரு வாரம் ஆகலை. மொதல் வண்டியே அப்பன் வண்டி!" என்று பொருமியவள், மகனுக்குச் சோறு போட உள்ளே ஓடினாள்.

"அது கிடக்கட்டும்ணே. புது ஷூ கையில இருந்தும் ஏன் மாட்டாம போனீங்க? இந்த அவமானம் தேவையா?"

குருநாதன் கைக்கரியைத் துணியில் துடைத்தார். உள்ளே சாப்பிட உட்கார்ந்த மகனை எட்டிப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. கண்கூடக் கலங்கிவிட்டது. மகன் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"புதுசை மாட்டிக்கிட்டுப் போயிருந்தா வண்டி பாஸாகியிருக்கும் சாப். அப்பன் வண்டின்னா என் புள்ளை கண்ணை மூடிக்குவானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான், வேணும்னே தேஞ்சதோட போய் நின்னேன்."