உப்பு பார்க்க ஒரு வாய்

அண்டாவின் மூடியை அவள் போட்ட போட்டில், ஹாலில் மைக் சோதித்துக்கொண்டிருந்தவன் பாட்டையே நிறுத்திவிட்டான்.

நிறுத்தட்டும். நன்றாகக் கேட்கட்டும். கேட்க வேண்டியவன் காதில் மட்டும் விழவில்லை பாருங்கள்.

அந்த இசைக்குழுவில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், வயர் இழுக்கிறவர்கள், வேன் ஓட்டுகிறவர் என்று முப்பது வாய். ஊர் ஊராகப் போகும்போது அத்தனை வாய்க்கும் வடித்துக் கொட்டுகிறவள் இவள் ஒருத்திதான். அதனால் அண்டாக்கா என்று பேர். சொந்தப் பேர் யாருக்கும் நினைவில்லை.

கறி கிடையாது, மீன் கிடையாது, கட்டுப்படியாகாது. சந்தை மூடுகிற நேரத்துக்குப் போய், கழித்துக்கட்டுகிற விலையில் பூசணியும் கோஸும் உருளைக்கிழங்குமாக அள்ளிக்கொண்டு வருவாள். பருப்பைக் குழைய வேகவிட்டு, வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்கிக் கொட்டினால் போதும். கறி இல்லாமல் தொண்டையில் இறங்காது என்று வீறாப்பு பேசியவன்கூட ரொட்டியும் கையுமாக இரண்டாம் தடவை வந்து நிற்பான்.

இன்னொரு பெருமையும் உண்டு அவளுக்கு. அடுப்பில் இருப்பதை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள். ருசி பார்த்துச் சமைக்கிறவள் சமையல்காரியே இல்லை என்பாள். எல்லாம் கைக்கணக்கு.

அந்தக் கைக்கு நேற்று என்ன கேடு வந்ததோ, குழம்பு உப்புக்கரித்துத் தொலைந்துவிட்டது. தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. இன்றைக்கும் இதே கதை என்றால் நாளையிலிருந்து கடைச் சாப்பாடு, வேனில் உன் இடத்தில் இன்னொரு ஸ்பீக்கரை ஏற்றிவிடுவேன் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இறங்கிப் போக அவளுக்கு வீடென்று ஒன்று இருந்தால்தானே.

எல்லாம் அந்தக் கிட்டார்காரனால் வந்த வினை. அவன் வேறு யாருமில்லை, இவளுடைய முன்னாள் புருஷன். ரிகர்சல் ரிகர்சல் என்று சொல்லிவிட்டு இன்னொருத்தி வீட்டில் கிடந்தவன். வாயைத் திறந்தால் பொய். விவாகரத்து வாங்கியும் என்ன, இரண்டு பேருக்கும் பிழைப்பு ஒரே வேனில். கூட வாழ்ந்தபோது ‘என்னங்க’. இப்போது ‘யோவ்’.

அந்த வெட்கங்கெட்டவன் தினமும் மேடை ஏறுவதற்கு முன்னால் சமையலறைக்குள் நுழைவான். கேட்காமல் கொள்ளாமல் அண்டாவில் கரண்டியை விட்டு ருசி பார்ப்பான். உப்பு பத்தலை என்பான், காரம் தூக்கல் என்பான். உன்னை யார் கேட்டது என்று இவள் ஆரம்பிப்பாள். வாத்தியத்தைப் போட்டுவிட்டுக் குழுவே வேடிக்கை பார்க்க வந்துவிடும்.

முந்தாநாள் அந்த இன்னொருத்தியோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்து கரண்டியை எடுத்தான். இவளுக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. இனி இந்த அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் கரண்டியாலேயே மண்டையைப் பிளப்பேன் என்றாள்.

நேற்று அவன் வரவில்லை. இன்றும் காணோம். குடித்தனம் நடத்திய ஆறு வருஷத்தில் இல்லாத ரோஷம் இப்போது பொத்துக்கொண்டு வந்துவிட்டது மானஸ்தனுக்கு!

தட்டுகளோடு கூட்டம் வாசலில் சேர்ந்துவிட்டது. முன்னால் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. அவள் உப்பு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள்.

“யோவ், ஊரெல்லாம் மேயுற வாய்க்கு இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு? வந்து கொட்டிக்கிட்டுப் போய்த் தொலை!”

ஹாலே சிரித்தது.

அவன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். கரண்டியை விட்டான். ஊதி ஊதி நாக்கில் வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் ஒரு கை உப்பு போடு. காரம் சரியா இருக்கு. அடி லேசா பிடிக்குது, தீயைக் குறை.”

வழக்கமாக ஊருக்கே கேட்கச் சொல்கிறவன், இன்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ என்று கத்தினாள். கத்திக்கொண்டே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். தீயைக் குறைத்தாள்.

மேனேஜர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்.

எல்லாரும் மேடைக்குப் போன பிறகு, அண்டாவில் ஒட்டியிருந்ததை ரொட்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து இப்படித்தான். உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, அடிபிடித்தால் மூக்குக்கு வாசமும் இல்லை. யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. திட்டுகிற சாக்கில் அவன் நாக்கைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திக்கொள்வதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அந்தக் காய்ச்சலுக்கு முன்னால் அவன் ஒருநாளும் அண்டாப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

உலகத்தில் இத்தனை வாய் இருக்க, போயும் போயும் அந்தப் புளுகன் வாயா!

“பாவி” என்று கரண்டியைத் தொட்டிக்குள் வீசினாள். மேடையிலிருந்து அவன் கிட்டார் கேட்டது. நாளைக்கு என்ன சொல்லித் திட்டி அவனைக் கூப்பிடுவது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்தாள்.