பேஸ்ட்டில் ஒரு ரேகை

பிராசஸர் மேலிருந்த ஃபேனைக் கழற்றியதுமே கம்ப்யூட்டர் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

“எந்தப் புண்ணியவான்மா இந்த வேலையப் பார்த்தது? சூடு இறங்கறதுக்கு ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி விரலாலயே இழுகி வச்சிருக்கு!”

“என் பையன்தான் தம்பி,” என்றாள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா. “அவனே பார்ட்ஸ் வாங்கி அவனே மாட்டினான்.”

“அதான் பொசுக்குன்னு ஆஃப் ஆகுது. காய்ஞ்சு ஓடாப் போச்சு.”

பேச்சோடு பேச்சாகத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, சாம்பல் நிறப் பசையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் துடைத்துக் குப்பைக்கூடையில் எறிந்தார். கடையிலேயே உசத்தியான டியூபை எடுத்து, நடுவில் ஒரு பொட்டு வைத்து, ஃபேனைத் திருகினார்.

“இனி ஐஸ் மாதிரி ஓடும். பையனை ஒருநாள் அனுப்புங்க, எப்படிப் போடறதுன்னு காட்டறேன்.”

அம்மா பதறி எழுந்து வந்தாள்.

“மூடிட்டீங்களா? அவன் தவறிப்போய் மூணு வருஷமாச்சு தம்பி. ‘இங்க பாரும்மா, என் கட்டைவிரல் அப்படியே பதிஞ்சிருக்கு’ன்னு அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே காட்டினான். திறக்கும்போது கூப்பிடுவீங்க, ஒரு தடவ பார்த்துக்கலாம்னுதான் உட்கார்ந்திருந்தேன்.”

மெக்கானிக் குனிந்து கூடையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, அச்சடித்தாற்போல இருந்தது.

“இதுதான்... இதேதான்!” அவள் இரு கையாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

பசை அப்பியிருந்த தன் கட்டைவிரலை மெக்கானிக் உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டார்.