ஆறும் முன் மூடியது

பட்டறையின் தகரக் கூரையில் இருக்கும் ஆணி ஓட்டைகள் வழியாக உச்சி வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, பைக் எஞ்சினைச் சுற்றி வரிசையாக இருக்கும் தகடுகளுக்கிடையே இறுகிப்போன சேற்றைக் கம்பியால் நோண்டுகிறார். "விக்கப்போற வண்டின்னாலும் இடுக்குல காத்து புகுந்தாத்தானேக்கா சூடு தணியும்? இப்படி அடைச்சுக் கிடந்தா..." பேசிக்கொண்டே புறங்கையை எஞ்சின்மேல் வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். "இப்பத்தான் ஓட்டிட்டு வந்தீங்களா?" பக்கத்தில் நிற்கும் பெண் மடித்த வண்டி உறையை மார்போடு அணைத்திருக்கிறாள். "தள்ளிக்கிட்டுதான் வந்தேன், தம்பி. எங்க வீட்டுக்காரர் போய் நாலு மாசமாச்சு. அதுக்கப்புறம் யாரும் சாவி போடல." மெக்கானிக் குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து எஞ்சின்மேல் உதறுகிறார். துளி சுர்ரென்று சுருங்கி மறைகிறது. பக்கத்துக் கடை ரம்பம் நின்றதும் எஞ்சினுக்குள்ளிருந்து டிக், டிக் என்று கேட்கிறது, இப்போதுதான் வீடு வந்து நின்ற வண்டியைப் போல. அவள் உறையை மெல்ல விரிக்கிறாள். உள்பக்கத்தில் தகடுகளின் வரிகள் பழுப்பாகப் பொசுங்கிப் பதிந்திருக்கின்றன. "தினமும் சொல்வார், 'ஆறட்டும், அப்புறம் உறையைப் போடு'ன்னு." அவள் குரல் தணிகிறது. "அன்னிக்கு வண்டியை நிறுத்திட்டு வந்தவர் வாசப்படியிலேயே விழுந்துட்டார். கூட்டம் கூடிடுச்சு. என்ன செய்யறோம்னே தெரியாம, ஆறுறதுக்கு முன்னாடியே நான் மூடிட்டேன், தம்பி."