சக்களத்தியின் மூச்சு

மூன்றாவது சிலிண்டரில், காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரின் முள் இருநூற்று நாற்பதோடு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சாவியைத் திருப்புங்க சார்."

ஓட்டுநர் இருக்கையில் இருந்த வாத்தியார் திருப்பினார். என்ஜின் நாலைந்து சுற்று முக்கி முனகியது. அதே இருநூற்று நாற்பது. முதல் இரண்டு சிலிண்டரும் நானூறை நெருங்கியிருந்தன. அடுத்துப் பார்த்த நான்காவதும் இதே மாதிரி நோஞ்சான்தான்.

முப்பது வயதை எட்டப்போகும் டீசல் கார். ஒரு வாரமாகக் காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. கிளம்பினால் தெருவையே நீலப் புகையில் முக்குகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்து குப்குப்பென்று மூச்சு விடுகிறது.

இதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர், ஒருநாள் இந்த வண்டியைத் துடைக்கலாமே என்று எழுந்தாராம். அன்றிலிருந்து தினமும் எழுகிறார். அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவி, என் பட்டறையில் எப்போதோ கழற்றிப் போட்ட கார் சீட் ஒன்றில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு இந்த வண்டி சக்களத்தி. வைத்திருக்கும் பெயரே அதுதான். "சக்களத்தியைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் புருஷனுக்குக் காலை டீயே கொடுப்பாராம்.

போன வாரம் வண்டி முரண்டு பிடித்த ஆத்திரத்தில் வாத்தியார் வாயை விட்டுவிட்டார். மெக்கானிக் தேறாது என்று சொல்லிவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன், இது சத்தியம் என்று. சொன்ன சொல் மாறாத மனிதர். ஆகவே இன்றைக்குத் தீர்ப்பு என் வாயில் இருந்தது. அதைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று அந்த அம்மாவும் கூடவே வந்துவிட்டார்.

அளவு பார்க்கும் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். இப்படிப் புகை விடுகிற என்ஜின் மாதம் ஒரு லிட்டராவது குடித்திருக்க வேண்டும். ஆனால் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

"கடைசியா எப்ப சார் ஆயில் ஊத்தினீங்க?"

"நீங்க சர்வீஸ்ல மாத்தினதோட சரி. தினம் பார்க்கிறேன், ஒரு சொட்டு குறைஞ்சதில்ல" என்றார் வாத்தியார். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். மெக்கானிக்கை யாரும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, அதன் பலனை நான் அனுபவிக்கிறேன். எரிச்சலோடு வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"ஆயில் ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு தம்பி? தேறுமா தேறாதா, அதைச் சொல்லுங்க."

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. நோஞ்சான் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி சுற்ற வேண்டும். முள் ஏறினால், தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், புதிது போட்டுவிடலாம். ஏறாவிட்டால் கோளாறு என்ஜினின் மேல்பாகமான ஹெட்டில். இந்த மாடலுக்கு ஹெட் இப்போது எங்குமே கிடைப்பதில்லை, அத்தோடு கதை முடிந்தது. இரண்டு பேருக்கும் கேட்கும்படி இதைச் சொல்லிவிட்டு ஆயிலை விட்டேன். மீட்டரைத் திருகி மாட்டினேன்.

நிமிர்ந்தால், அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். பை தரையில் கிடந்தது. அவர் கண் மீட்டரில் இருந்தது.

"திருப்புங்க சார்."

முள் நூறைத் தாண்டியது. இருநூறு. இருநூற்று நாற்பது. அடுத்த சுற்றில் இன்னும் ஏறியது. முந்நூறு. முந்நூற்று ஐம்பது.

நான்காவதிலும் அப்படியே.

"ரிங்தான் சார். பத்து நாள் கொடுங்க, சரி பண்ணிரலாம்."

வாத்தியார் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து எடுத்தார். பிறகு இறங்கி, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, டாக்சி பிடிக்க வாசலுக்குப் போனார்.

அந்த அம்மா நகரவில்லை. வாத்தியார் போய்விட்டாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ரிங் மாத்தினப்புறம் மாசத்துக்கு எவ்வளவு ஊத்தணும் தம்பி? இப்பல்லாம் ஒரு லிட்டர் பத்த மாட்டேங்குது."

ஆயில் மூடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்திருந்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சமையல் மேடையை அப்படித் துடைப்பார்கள், என்ஜினை யாரும் துடைப்பதில்லை.

"எத்தனை நாளாம்மா?"

"ரெண்டு வருஷமா. அவர் குளிக்கப் போற நேரம் பார்த்து ஊத்திடுவேன். முதல் தடவை அளவு குறைஞ்சப்போ அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. எங்க திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துருவாரோன்னு..."

இந்த அம்மா ஊற்றாமல் விட்டிருந்தால் இந்த என்ஜின் எப்போதோ இறுகிப்போயிருக்கும். அதைச் சொன்னேன். இனிமேல் ஊற்ற வேண்டிய அவசியமில்லை என்றும் சொன்னேன். அந்த அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்சி வந்து நின்றது. வாத்தியார் வாசலிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன, சக்களத்தி பிழைச்சுட்டாளேன்னு அழறியா?"

"பின்னே, அழ மாட்டாங்களா?" என்றபடி அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.