கண்டக்குழி வரைக்கும்

"மெதுவா ஓட்டுங்க, பாலாவிச் சந்தி வருது," என்றாள் ஸிபானா.

அவள் கணவன் முனவ்வர் சிரித்தான். "கிளப் ரேஸ்ல நான் கப் எடுக்கக்குள்ள ஊரே வந்து பாத்திச்சு. நீ மட்டும் ஒரு நாளும் என்ட காருல ஏறல்ல."

"அப்ப பயம்."

"இப்ப?"

"சந்தி தாண்டிட்டு. இனி வேகமாப் போங்க, கடல் பாக்கணும்."

அவன் ஸ்டியரிங்கை வளைத்தான். உப்புக்காற்று வீசியது. கண்களை மூடி, வளைவோடு அவளும் சாய்ந்தாள்.

"கண்டக்குழி வந்திட்டு," என்றான்.

பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. ஸிபானா இறங்கினாள். டயரும் சில்லுகளும் இல்லாமல் முற்றத்துக் கற்களின் மேல் நின்ற காருக்கு அடியிலிருந்து கோழிகள் ஓடின. விபத்துக்குப் பிறகு நடக்க முடியாத அவனை அணைத்துத் தூக்கி, சக்கரக் கதிரையில் இருத்தினாள்.

"நாளைக்கி எலுவன்குளம் போவம்," என்றாள். "யானை குறுக்க வரும். பாத்து ஓட்டணும்."