திக்குவாய் தவிர்க்கப்பட்டது

மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக ஞானசேகரன் அவளுடைய கருத்தரிப்புச் சான்றிதழை வாங்க மருத்துவமனைக்குப் போனார். அவருடைய விந்தணுக்கள் பலவீனமானவை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த மருத்துவமனையில்தான் ஒன்றைப் பொறுக்கி, மனைவி தமயந்தியின் கருமுட்டைக்குள் செலுத்தினார்கள். பிள்ளையின் குணங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

சான்றிதழில் இப்படி இருந்தது: 'தாயின் கோரிக்கைப்படி தவிர்க்கப்பட்டது: தந்தையின் திக்குவாய்.'

வீட்டுக்கு வந்து அதை தமயந்தியிடம் நீட்டினார்.

"என் பே... பேச்சு பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன்னு சொன்னியே."

"பிடிச்சதுதாங்க. பிள்ளைக்கு வேண்டாம்னு தோணுச்சு."

"எங்கிட்ட கே... கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீங்களே சரின்னு சொல்லியிருப்பீங்க."

உண்மைதான், சொல்லியிருப்பார். அந்த ஒரு சொல்லையும் அவருக்குப் பதிலாக அவளே சொல்லி முடித்திருந்தாள்.