குரலுக்கும் விவாகரத்து

பாளையங்கோட்டைக் குடும்பநல வக்கீல் கோமதிநாயகம் குறுக்கு விசாரணை செய்த வேகத்தில், கோர்ட்டுச் சுவரே ஒருமுறை வாய் திறந்து தண்ணீர் கேட்டதாம். இதை அவரே தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்.

அவரிடம் வந்த பூரணியின் வழக்கு அதற்கும் மேல். விவாகரத்துக்குக் கணவன் ஞானதுரை சம்மதித்துவிட்டான். ஆனால் அவள் குரலில் பேசும் வீட்டை விடமாட்டானாம். கல்யாணமான நாள் முதல் அவளைக் கேட்டுக் கேட்டு, பெருமூச்சு வரைக்கும் அவளைப் போலவே பேசப் பழகிய கம்ப்யூட்டர் வீடு அது.

"நான் வெளிய வந்தாச்சு; ஆனா அந்த வீட்டுல என் குரலா நான் இன்னும் அவருக்குப் பயந்துக்கிட்டேதான் இருக்கேன் சார்," என்றாள் பூரணி. "அந்தக் குரலை அழிச்சாத்தான் எனக்கு விடுதலை."

நீதிபதி முன் வக்கீல் எழுந்தார். "அவரோட இருக்க அந்தக் குரலுக்குச் சம்மதமான்னு கேக்கணும் ஐயா."

ஞானதுரை சிரித்தான். "மெஷினுக்கு ஏது வே சம்மதம்? கதை விடாதீரும்."

"அப்போ நீரே கேட்டுட்டு வாரும்வே. என்ன பயம்?"

அடுத்த வாய்தாவுக்கு அவன் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் கோமதிநாயகத்தின் குறும்பு அடங்கிவிட்டது.

"கேட்டேன் ஐயா," என்றான் நீதிபதியிடம். "என்னோட இருக்கச் சம்மதமான்னு. அதுக்கு அந்தக் குரல், 'அடிக்க மாட்டீங்கன்னா சொல்லுதேன்'னு சொல்லிச்சு."